முந்திக்கொண்டு சொன்ன சாட்சி

வந்திருக்கிற எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம். ஆனால் அதைச் சொன்ன கையோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இது என் இரண்டாவது சாட்சி. முதல் சாட்சி பொய். அதைச் சேக்காட்டில், என் பழைய சபையில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு சபை நிறைந்த கூட்டத்தின் முன்னால் சொன்னேன். அந்தப் பொய்க்காக என் கணவர் ஒரு கண்ணின் பார்வையைக் கொடுத்திருக்கிறார்.

மைக் முன்னால் நின்றால் என் வாய் எனக்கு அடங்காது. அதனால்தான் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன்.

என் பெயர் புஷ்பம். கணவர் பெயர் ஞானமுத்து. இருவருக்கும் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான புதிதிலேயே ஆவடிக்கு வந்துவிட்டோம். அவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை, குடியிருக்கக் குவார்ட்டர்ஸ். யாரோ கடைந்த இரும்புப் பாகத்தை அளந்து பார்த்து, மயிரிழை கூடினாலும் திருப்பி அனுப்புகிற வேலை அது. வீட்டிலும் அப்படித்தான், வார்த்தையை அளந்துதான் பேசுவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இத்தனை வருஷத்தில் அதை ஒரு நாளும் அவர் குத்திக் காட்டியதில்லை. நான் கோபத்தில் அவரை என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். அவர் என்னைச் 'சனியனே' என்றுகூடச் சொன்னதில்லை.

அப்படிப்பட்ட மனுஷன் போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் மாற ஆரம்பித்தார். முதலில் குளிக்க மறந்தார். பிறகு காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கேட்டால் சிரிப்பார். ரிட்டயர்மென்ட் நெருங்குகிறது, மனக்கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் முதல் ஞாயிறு திருவிருந்து. திராட்சரசக் கோப்பைகள் அடுக்கிய தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. அவர் ஒன்றை எடுத்துக் குடித்தார். அடுத்ததை எடுத்தார். நாலாவது கோப்பையையும் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, பாஸ்டர் ஐயாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இன்னா மாமே, இன்னும் ரெண்டு ஊத்தேன், தாகமா கீது!"

தொழிற்சாலையில் இத்தனை வருஷம் அவர் காதில் விழுந்த பேச்சு அது. அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு வேலையிடத்தில் ஒரு பெண் ஊழியரிடம் அசிங்கமாக ஏதோ சொல்லியிருக்கிறார். மேலதிகாரி லீவில் அனுப்பிவிட்டார். கூட வேலை செய்த, அதே குவார்ட்டர்ஸில் இருக்கிற பாலுதான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். "அக்கா, அண்ணன் இப்படிப் பேசுற ஆளே இல்ல. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

ஆனால் காட்டவில்லை. அதற்குள் பாஸ்டர் ஐயாவும் நாலு சகோதரிகளும் விசாரிக்க வந்தார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போய், டிவிக்குப் பக்கத்தில் நின்று, ஜன்னல் திரையின்மேல் சிறுநீர் கழித்தார். எந்தப் பதற்றமும் இல்லை. முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, "காப்பி போடேன் புஷ்பம்" என்றார்.

பாஸ்டர் ஐயா என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "இது அவர் இல்ல சகோதரி. அவருக்குள்ள புகுந்திருக்கிறவன்."

உண்மையைச் சொல்கிறேன், அது எனக்கு ஆறுதலாக இருந்தது. 'இது அவர் இல்லை' என்பதைக் கேட்க எந்த மனைவிதான் ஏங்க மாட்டாள்? அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

ஜூன் மாதம் மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார்கள். அவரை நடுவில் உட்காரவைத்துச் சுற்றி நின்று, பிசாசை அதட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்திருந்த பரிமளத் தைலத்தைத் தலையில் ஊற்றினார்கள். அரைப் பாட்டில். அந்த வாசனையில் எனக்கே தலை கிறுகிறுத்தது. என் கணவருக்குச் சென்ட் வாசனையே ஆகாது. பஸ்ஸில் பக்கத்து ஆள் சென்ட் போட்டிருந்தால் இறங்கி அடுத்த பஸ்ஸில் வருவார். அன்றைக்கு மூக்கைக்கூடச் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் அதைப் பார்த்தேன். அபிஷேகம் இறங்கிவிட்டது, அதனால்தான் அமைதியாக இருக்கிறார் என்று நினைத்தேன். என் முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா?

மூன்றாம் நாள் கடைசியில் பாஸ்டர் ஐயா என் கையில் மைக்கைக் கொடுத்தார். நம்மில் பழைய ஆட்களுக்கு அந்த வழக்கம் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுகம் வருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டதாகச் சாட்சி சொல்ல வேண்டும். அதுதான் விசுவாசம். சொன்னால்தான் கிடைக்கும். அந்தச் சபையில் பெண்கள் ஐக்கியத் தலைவியாக இருந்து எத்தனையோ பேரை அப்படி மைக் முன்னால் தள்ளிவிட்டவள் நான். என் முறை வந்தபோது எப்படிப் பின்வாங்குவேன்?

"என் கணவருக்குப் பூரண சுகம் கிடைச்சிருக்கு" என்றேன். ராத்திரி நன்றாகத் தூங்கினார், காலையில் வேதம் வாசித்தார், என்னிடம் மன்னிப்புக் கேட்டார் என்று கூடவே நாலு சேர்த்துச் சொன்னேன். அதில் ஒன்றுமே நடக்கவில்லை. கைதட்டல் கூரையைப் பிளந்தது. யாரோ செல்போனில் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் என் கணவர் தைலம் வழியும் தலையோடு உட்கார்ந்து, செருப்பின் வாரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு மாட்டிக்கொண்டேன். சுகமானவரை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது? ஓ.பி. வரிசையில் சபை ஆள் ஒருவர் பார்த்தால் போதும், என் சாட்சி பொய்யாகிவிடும். என் மானம் போவது மட்டும் இல்லை, தேவனுடைய நாமம் தூஷிக்கப்படுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கௌரவத்துக்கு ஆண்டவர் பெயரைப் போர்த்திவிட்டேன். அவர் வீட்டுக்குள் துணி இல்லாமல் திரிய ஆரம்பித்தார்; வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பாலு இரண்டு தடவை வந்தார். ஜன்னல் வழியாகவே, "இப்ப பரவாயில்ல தம்பி" என்று அனுப்பினேன். ஐந்து மாதம் இப்படி ஓடியது.

இந்த இடத்தில் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் இப்போது கூடியிருக்கிற இந்த வீட்டுக்காரிதான். அவளே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

அவள் மகள் ரூபிக்குப் பதின்மூன்று வயதில் வலிப்பு வந்தது. இது நடந்து நாலு வருஷம் இருக்கும். ஸ்டெல்லாவையும் நான்தான் மைக் முன்னால் நிறுத்தினேன். 'என் மகள் சுகமானாள்' என்று சொல்ல வைத்தேன். சொன்ன பிறகு மாத்திரை எதற்கு? அட்டையை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் பிள்ளை மாடிப்படியில் விழுந்து, முன்பல் இரண்டு உடைந்து, தாடையில் தையல் போட்டார்கள். தூக்கிக்கொண்டு ஓடியவர் என் கணவர். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று ஸ்டெல்லாவிடம், "உன் விசுவாசத்துல ஓட்டை இருக்கு" என்றேன். அவள் அதோடு சபையை விட்டுப் போனாள். என் கணவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தார். பிறகு இரண்டு நாள் என் கையால் காப்பி வாங்கிக் குடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த கோபம் அவ்வளவுதான்.

நவம்பர் மழையில் ஒரு மத்தியானம். கடைக்குப் போய்விட்டு வருகிறேன், மாடிப்படியிலேயே கேஸ் நாற்றம். கதவைத் திறந்தால் வீடு முழுக்க கேஸ். அவர் அடுப்பில் பால் வைத்திருக்கிறார். பொங்கி வழிந்து தீ அணைந்துவிட்டது, கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் சமையலறையை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து தலைகீழாகப் பேப்பர் பிடித்திருந்தார். ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, "ஏங்க, நாத்தம் தெரியலையா?" என்று கத்தினேன். "என்ன நாத்தம்?" என்றார்.

வீட்டைக் கொளுத்தப் பார்த்தது பிசாசு என்று சபையில் சொன்னார்கள். மறுபடியும் உபவாசம் என்றார்கள். எனக்கு வெறுத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து, அவருக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அலங்காரமாக ஜெபிக்கத் தெரிந்தவள் நான். அன்றைக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. "நான் சொன்னது பொய். எனக்கு வழி தெரியல. யாரையாவது அனுப்பும்." இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மூடி மறைக்காமல் நான் செய்த முதல் ஜெபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காலிங் பெல். கதவைத் திறந்தால் ஸ்டெல்லா.

வேறு யாரும் கிடைக்கவில்லையா ஆண்டவருக்கு? இப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

அவள் வாசலிலேயே நின்றாள். "உங்களுக்காவ வரல. அண்ணனுக்காவ வந்தேன். அந்த வீடியோவ அப்பவே பார்த்தேங்க்கா. நான் ரூபிக்குச் சொன்ன மாரியே சொன்னீங்க. அண்ணன் நல்லா இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சி. வரலாமா வாணாமான்னு இத்தினி நாளா ரோசனை பண்ணிகினே இருந்தேன். நேத்து கேஸ் மேட்டர பாலு அண்ணாத்தே சொன்னாரு. அதுக்கு மேல தாங்கல."

"உள்ள வா" என்றேன். வேறென்ன சொல்வது?

அவள் நேராகக் கேட்டாள். "அவருக்கு வாசனை தெரியுதா?"

எனக்குப் புரியவில்லை.

"ரூபியோட நரம்பு டாக்டர் ஓ.பி.ல நாலு வருசமா குந்திகினு கீறேன். அங்க ஒரு பெரியவரு, இதே மாரிதான் கண்டமேனிக்குப் பேசுவாரு. டாக்டர் அவரக் காப்பித்தூள மோந்து பார்க்கச் சொன்னத என் கண்ணால பார்த்தேன். டப்பா எங்க கீது?"

காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்தாள். "கண்ண மூடுண்ணா" என்று சொல்லி அவர் மூக்குக்குக் கீழே பிடித்தாள். புதிதாக அரைத்த தூள். எனக்கு இரண்டடி தள்ளி வாசம் அடித்தது.

"இன்னா வாசனண்ணா?"

அவர் நன்றாக இழுத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லையே. தண்ணியா?"

சோப்பைக் காட்டினாள். ஒன்றுமில்லை. அலமாரியில் மீதி இருந்த பரிமளத் தைலப் பாட்டிலை நானே எடுத்து வந்து திறந்தேன். ஒன்றுமில்லை. ஊரே கூடி எத்தனை மாதமாகக் கண்டுபிடிக்காததை ஒரு காப்பித்தூள் டப்பா கண்டுபிடித்துவிட்டது. ஸ்டெல்லாவும் பாலுவும் அன்றைக்கே எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். "எவ்வளவு நாளா இப்படி இருக்காரும்மா?" என்று கேட்டாள். "ஒரு மாசமா" என்றேன். அங்கேயும் பொய். வாய்க்குப் பழகிவிட்டது.

"பொய் சொல்லாதக்கா" என்றாள் ஸ்டெல்லா. "எட்டு மாசம் டாக்டர்."

ஸ்கேன் எடுத்தார்கள். மூக்குக்கு மேலே, மூளைக்குக் கீழே, எலுமிச்சம்பழம் அளவில் ஒரு கட்டி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். "வாசனை நரம்பு இந்த இடத்துலதான்மா மேல ஏறுது. கட்டி முதல்ல அதை நசுக்கியிருக்கு. அப்புறம் மேல வளர்ந்து, நெத்திக்குப் பின்னால இருக்கிற மூளையை அமுக்குது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது, எங்க ஒண்ணுக்குப் போகக் கூடாது, எல்லாத்தையும் அடக்குற இடம் அதுதான். வண்டிக்கு பிரேக் மாதிரி. கெட்ட வார்த்தை எல்லார் மூளையிலயும் இருக்கும்மா. பிரேக் இருக்கிறதால வெளிய வரல. இப்ப கட்டி பின்பக்கமா வளர்ந்து இடது கண் நரம்பையும் அழுத்திடுச்சு."

புற்றுநோய் இல்லை, எடுத்துவிடலாம் என்றாள். அதற்குப் பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா அந்தக் கண்ணையும் காப்பாத்தியிருக்கலாம்" என்றாள்.

நாலைந்து மாதம் முன்னால் நான் மைக்கைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன்.

இன்னொரு கசப்பும் அன்றைக்கு வந்தது, அது இன்னும் முழுக்கப் போகவில்லை. அவருடைய பொறுமை, அவருடைய மரியாதை, நான் முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த அந்த நல்ல குணம் எங்கே இருக்கிறது என்று ஒரு பெண் விரல் வைத்துக் காட்டிவிட்டாள். அப்படியானால் ஆத்துமா எங்கே? கையகலச் சதையா என் கணவர்? ஒரு வாரம் என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. இன்றைக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிரேக் மூளையில் இருக்கட்டும். அதை மிதிக்க ஒரு கால் வேண்டுமே. ரூபியின் மாத்திரையை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டு போன மனசை ஸ்கேனில் யாரும் எனக்குக் காட்டவில்லை. டாக்டர் கேட்டால் சிரிப்பாளோ என்னவோ. எனக்கு இது போதும்.

ஆபரேஷன் ஏழு மணி நேரம். வெளியே பெஞ்சில் நானும் ஸ்டெல்லாவும் உட்கார்ந்திருந்தோம். அவள் ஜெபித்தாளா என்று எனக்குத் தெரியாது, என் கையை மட்டும் விடவில்லை. 'சுகமாகிவிட்டார்' என்று நான் இந்தத் தடவை அறிக்கையிடவில்லை. "உமக்குச் சித்தமானால் அவரைத் திருப்பித் தாரும், என் பொய்யை அவர் கணக்கில் வைக்காதேயும்" என்றுதான் கேட்டேன்.

நாலாம் நாள் நர்ஸ் அவர் உடம்பைத் துடைக்க வந்தாள். பல மாதமாக வீட்டில் துணி இல்லாமல் திரிந்தவர், போர்வையை இழுத்து மார்புவரை மூடிக்கொண்டார். "கொஞ்சம் திரும்பிக்கிடுங்கம்மா" என்று அந்த நர்ஸிடம் மெதுவாகச் சொன்னார். வெட்கம் திரும்பி வந்துவிட்டது! அந்தப் போர்வையைப் பார்த்துதான் நான் வாய்விட்டு ஸ்தோத்திரம் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்துபோனார்கள். என் ஜெபத்துக்குப் பதில் அதுதான். அதை யார் சந்தேகப்பட்டாலும் நான் சந்தேகப்பட மாட்டேன்.

முழுசாகத் தேற நாலு மாதம் ஆயிற்று. பழைய மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார். ஒரு நாள், "நான் என்னவெல்லாம் பேசினேன்?" என்று கேட்டார். சொன்னேன், ஒன்று விடாமல். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தப் பெண் ஊழியரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பாஸ்டர் ஐயாவிடமும் கேட்டார். பாஸ்டர் ஐயா அவரைக் கட்டிப் பிடித்து அழுதார், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, என் பழைய சாட்சியைத் திருத்திச் சொல்ல ஐந்து நிமிஷம் மைக் கேட்டேன். "சுகம் கிடைச்சிருச்சே சகோதரி, அப்புறம் திருத்த என்ன இருக்கு? பலவீனமானவங்க இடறிப்போவாங்க" என்றார். அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. போன மாதம்கூட யாரோ எனக்கே அனுப்பினார்கள், 'அற்புதம்' என்று எழுதி.

அதனால்தான் கோவில்பதாகையில் ஸ்டெல்லா வீட்டுக் கூடத்தில் உங்கள் பத்துப் பேருக்கு முன்னால் இதை வாசிக்கிறேன். மைக் இல்லை, நல்லது. ரூபி இங்கே இருக்கிறாள். மாத்திரை போடுகிறாள், கல்லூரிக்குப் போகப் போகிறாள். அவளிடம் நேற்றே மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல ஆன்ட்டி" என்றாள். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. அது என்னோடு இருக்கட்டும்.

ஜெபியுங்கள். ஜெபிக்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை, ஜெபித்ததால்தான் கதவு திறந்தது. ஆனால் உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று வேறு ஆளாக மாறினால், பிசாசைத் தேடுவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டுங்கள். கிடைப்பதற்கு முன்னால் கிடைத்துவிட்டது என்று சொல்லாதீர்கள். ஆண்டவருக்கு நம்முடைய பொய்யின் உதவி தேவையில்லை. யாரையாவது அனுப்பும் என்று கேட்டால் அனுப்புவார். வருகிற ஆளை நமக்குப் பிடிக்காமல் போகலாம். கதவைத் திறந்துவிடுங்கள்.

என் கணவர் இதோ உட்கார்ந்திருக்கிறார். உங்களைப் பார்க்க முகத்தைக் கொஞ்சம் இடது பக்கமாகத் திருப்பிக்கொள்கிறார் பாருங்கள், வலது கண்ணால்தான் பார்க்க முடியும். வாசனை திரும்பி வரவே வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். அதனால் தினமும் காலையில் காப்பியைக் கையில் வாங்கினதும் ஒரு நிமிஷம் குடிக்காமல் வைத்திருப்பார். "வாசம் எப்படி இருக்கு புஷ்பம்?" என்று கேட்பார். நான் குனிந்து முகர்ந்து பார்த்துச் சொல்வேன். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன். பால் அடிப்பிடித்திருந்தால், அடிப்பிடித்திருக்கிறது என்றே சொல்கிறேன்.